பார்க்க ஒன்றுமில்லையாம்!

அருப்புக்கோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். குடும்பத்தோடு சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போகப் போகிறானாம். எந்த அறை என்று இன்னும் முடிவாகவில்லை.

"அண்ணே, எந்தப் பக்கம் ரூம் எடுத்தா நல்லாப் பார்க்கலாம்? முன்னாடியா, பின்னாடியா? பால்கனி வச்சது எடுக்கவா?"

நியாயமான கவலைதான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை அனுப்பி வைத்ததிலிருந்து நம் நடுத்தர வர்க்கத்துக்கும் இந்தக் கவலை வந்துவிட்டது. இந்த மாதிரிக் கப்பல்களில் ஜன்னலே இல்லாத உள்ளறை மலிவு. கடல் பார்த்த ஜன்னல் இருந்தால் கொஞ்சம் கூட. பால்கனி என்றால் இன்னும் கூட. படுக்கை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஏறுகிற காசெல்லாம் பார்ப்பதற்கு.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விசாகப்பட்டினம் போனால் கப்பல் வடக்கே போகும். சூரியன் வலது பக்கம் உதிக்கும், இடது பக்கம் மறையும். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதும் அடுத்த துறைமுகத்தை நெருங்கும்போதும் அறைக்குள் உட்காராதே. மேல் தளத்தில் முன்பக்கமாகப் போய் நில். காற்று தள்ளினால் பின்பக்கம் வா, கப்பல் கிழித்துவந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கலாம். பறக்கும் மீன் பார்க்க ஆசை இருந்தால் தண்ணீருக்குப் பக்கத்தில், கீழ்த் தளத்தில். பால்கனியில் ஒரு பக்கம்தான் தெரியும். தனிக்காசு கேட்காத மேல் தளத்தில் நாலு பக்கமும் தெரியும்.

இதுவரை ஒழுங்காகப் போனது. அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஆனா நடுக்கடலுக்குப் போயிட்டா எங்க நின்னாலும் ஒண்ணுதான்டா. சுத்தித் தண்ணிதான்" என்றேன்.

"அதைப் பார்க்கத்தானண்ணே போறோம். நம்மூர்ல பார்க்க என்ன இருக்கு? வெறும் பொட்டக்காடு."

தம்பியோடு அன்றைக்குச் சண்டை போடவில்லை. சண்டை உங்களோடுதான். இதே வார்த்தையை நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு நாலுவழிச் சாலையில் போகும்போது, அருப்புக்கோட்டை தாண்டியதும் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு, "பந்தல்குடி தாண்டினா எழுப்பு, எட்டயபுரத்துல டீ குடிக்கலாம்" என்று கண்ணை மூடியவர்தானே நீங்கள்?

ஒரு சின்னக் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில், கப்பலின் மேல் தளத்தில் நிற்கிறீர்கள். பூமி உருண்டை என்பதால் அங்கிருந்து தொடுவானம் சுமார் 18 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் இருப்பது தண்ணீர், மேலே வானம். இப்போது திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் ஏறுங்கள். கண் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், மரம் மறைக்காத திசையில் 8 கிலோமீட்டர் தெரியும். அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது? உழுதுபோட்ட கரிசல், சோளம், கம்பு, பருத்தி, தனித்து நிற்கும் பனை, கிடைக்குத் திரும்பும் ஆடுகள், எங்கோ எரியும் கரிமூட்டத்தின் புகை, ஒரு கோயில் கோபுரம். தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லாத சமவெளியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கட்டுகிறீர்கள். இவ்வளவு இருக்கிற சமவெளிக்குப் பெயர் பொட்டக்காடு!

சரி, கடல் நிறம் மாறும் என்பீர்கள். கரிசல் மாறாதா? கோடையில் கால் விரல் இறங்குகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற அதே மண், ஐப்பசி மழைக்குப் பிறகு செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. கார்த்திகையில் பச்சை. தை கடந்தால் பருத்தி வெடித்து வெள்ளை. மழை வருவதை எட்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே சாம்பல் திரையாகப் பார்க்கலாம். மலைப்பிரதேசத்தில் அது முடியாது, பக்கத்து மலை மறைத்துவிடும். அருப்புக்கோட்டைக்குள்ளேயே நெசவாளர் தெருக்களில் விடிகாலையில் பாவு விரித்திருப்பார்களே, வீட்டுக்கு வீடு சாயநூல் கோடுபோட்டது போல... அதை ஒரு தடவை நின்று பார்த்திருக்கிறானா என் தம்பி? அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பீர்கள். "ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதற உமக்கு வறட்சி அழகா இருக்கும். அங்க இருக்கிறவனுக்குக் கஞ்சிக்கு வழி வேணாமா?" வேண்டும். மழை பொய்த்த வருஷங்களில் இந்த ஊர்க்காரர்கள் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன கதை எனக்கும் தெரியும். வறுமையை ரசிக்கச் சொல்லவில்லை சார். கண்ணைத் திறக்கச் சொல்கிறேன். கண்மாய்க் கரையில் ஏறிப் பார்க்கிறவனுக்கு அழகு மட்டுமா தெரிகிறது? மடை எங்கே, கலுங்கு எங்கே, வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது, அது எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதும்தான் தெரிகிறது. வரத்துக்கால் தூர்ந்துபோனால் நல்ல மழை பெய்தாலும் கண்மாய் காய்ந்துதான் கிடக்கும். அப்படிக் காய்ந்த கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டும். மண்டினால் "வெறும் முள்ளுக்காடு" என்பார்கள். அப்புறம் யாராவது அதில் குப்பை கொட்டினால்கூட யாரும் கேட்க மாட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லாத இடம்தானே!

இந்த விஷயத்தில் அரசாங்கம் உங்களைவிட மோசமில்லை. உங்களைப் போலவே இருக்கிறது. 2000-ல் மத்திய அரசு இந்தியாவின் தரிசு நிலங்களுக்கென்று ஒரு வரைபடத் தொகுப்பு வெளியிட்டது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்தது. புதர் மண்டிய நிலமும் அதில் தரிசுக் கணக்கில் ஒரு வகை. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் கிடை ஆடு எப்படித் தெரியும்? இதைவிட மட்டமான பார்வை மேடை உலகத்தில் கிடையாது.

பக்கத்துக் கமுதியில் 2016-ல் அதானி நிறுவனத்தின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். சூரிய மின்சாரத்துக்கு நான் விரோதி இல்லை; என் வீட்டு மின்விசிறியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் இப்படி ஒரு திட்டம் வரும்போது "எந்த நிலம்? அதில் இப்போது என்ன நடக்கிறது? மழைத்தண்ணி எந்த வழியாகப் போகும்?" என்று மூன்று கேள்வி கேட்க, அந்த நிலத்தை ஒரு தடவையாவது பார்த்த ஆள் வேண்டும். நாம்தான் பந்தல்குடி வரை தூங்குகிறோமே.

வெளியூர்க்காரன் பார்த்துச் சொன்னால் நம்புவோம். ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள் என்று அங்கீகாரம். இரண்டும் என்ன? கண்மாய்கள். நாரைகளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. திருச்சுழிக்கும் இதே கதைதான். 1879-ல் ரமணர் பிறந்த ஊர் என்பதால் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர் பிறந்த வீட்டைப் பார்க்கிறார்கள், பூமிநாதர் கோயிலைப் பார்க்கிறார்கள், கார் கதவைச் சாத்துகிறார்கள். குண்டாற்றங்கரையில் பத்து நிமிஷம் நிற்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கப்பலுக்கே திரும்ப வருகிறேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியா வரும் வெள்ளைக்காரப் பணக்காரர்கள் வரும்போது இடது பக்க அறையும், போகும்போது வலது பக்க அறையும் கேட்டு வாங்குவார்களாம். இரண்டும் வடக்குப் பக்கம், வெயில் குறைவு. 'பாஷ்' என்ற ஆங்கில வார்த்தையே அந்த வழக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. அகராதிக்காரர்கள் ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார்கள். கதை பொய்யாக இருக்கட்டும், வடக்குப் பக்கம் நிழல் என்பது நிஜம். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி போகும் பஸ்ஸுக்கும் அதே விதிதான்.

ஆகவே வருகிற மார்கழியில் ஒருநாள் காலையில் அந்த டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். இடது பக்க ஜன்னல். சாயங்காலம் திரும்பும்போது வலது பக்க ஜன்னல். வெயில் உங்கள் மேல் விழாது; நீங்கள் பார்க்கிற நிலத்தின் மேல் விழும். விருதுநகரிலிருந்து மானாமதுரை ரயிலில் போனாலும் காலையில் இடது பக்கம்தான். ஆனால் பகலில் ரயில் குறைவு. 2013-ல் அகலப்பாதையாக்கியும் சென்னை போகிற நம்மூர்க்காரர்கள் இந்த மண்ணைக் கடப்பது இருட்டில்தான். ஏசி பெட்டி வேண்டாம், அந்தக் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். வழியில் கரை உயரமான கண்மாய் ஒன்று கண்ணில் பட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள். கண்டக்டர், "திருச்சுழிக்குத்தான சார் டிக்கெட் எடுத்தீங்க, இங்க என்ன இருக்கு?" என்று கேட்பார். பதில் சொல்ல நிற்க வேண்டாம். பஸ் கிளம்பட்டும், கரையில் ஏறுங்கள்.

தம்பி போய்விட்டு வந்தான். போனில் நானூறு போட்டோ, எல்லாம் நீலம். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். பத்தாவது படத்திலேயே எது எந்த நாள் எடுத்தது என்று அவனுக்கே குழம்பிவிட்டது. கார்த்திகை மழை நின்றதும் அவனைக் கண்மாய்க் கரைக்கு இழுத்துக்கொண்டு போகலாமென்று இருக்கிறேன். வர ஒப்புக்கொண்டிருக்கிறான். அங்கே டவர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டான்.