சுத்தமான போன் யாருக்கு வேண்டும்?

என்னிடம் இருப்பது ஐபோன் 11. ஏழு மாதம் நிலுவையில் கிடந்த ஆய்வு உதவித்தொகை மொத்தமாக வந்தபோது, சேலத்தில் செகண்ட் ஹேண்டில் 16 ஆயிரத்துக்கு வாங்கியது. இந்தப் போனுக்காக இதுவரை இரண்டு பேர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

முதலாமவர் பள்ளிபாளையம் பக்கம் எங்கள் ஊரின் தறி முதலாளி. மளிகைக்கடை வாசலில் வைத்துக் கேட்டார்: "ஏன்டா, உங்கப்பன் இன்னும் எங்க பட்டறையில பாவு பிணைச்சுக்கிட்டு இருக்கான். உனக்கு ஆப்பிள் போன் கேக்குதா?"

இரண்டாமவர் முற்போக்காளர். ஆய்வாளர் நண்பர். டீக்கடையில் என் போனைப் பார்த்துவிட்டு, "தோழர், இதுல காங்கோ குழந்தைகளோட ரத்தம் இருக்கு. அறம் சார்ந்த போன்னு ஃபேர்போன் இருக்கே, அதைப் பத்தி யோசிக்கலாமே" என்றார்.

முதல் கேள்வி பழகிப்போனது. இரண்டாவதுதான் சில நாள் தூங்கவிடவில்லை, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவிலிருந்துதான் வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகளும் உழைக்கிறார்கள். இதை மறுத்துவிட்டு நான் எதையும் பேச முடியாது. ஆனால் அந்தக் கோபால்ட் நண்பரின் ஆண்ட்ராய்டு போன் பேட்டரியிலும் இருக்கக்கூடியதுதான். அவருக்கு உறுத்தியது என் கையில் இருந்த ஆப்பிள்.

காலனிக்காரன் கையில் ஒரு பொருள் ஏறும்போது மட்டும் அது விசாரணைக்கு உரியதாகிவிடுகிறது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தன. அதையடுத்து பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். என் நண்பரை அந்த வரிசையில் நிறுத்தவில்லை. அவர் நல்லவர். ஆனால் எளிமையை எனக்குப் பரிந்துரைக்கும் முன், அந்த எளிமை எங்கள் மீது எத்தனை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது என்று அவர் யோசித்திருக்கலாம்.

சரி, ஃபேர்போனையே எடுத்துக்கொள்வோம். ஆம்ஸ்டர்டாமில் 2013இல் தொடங்கிய நிறுவனம். பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம், உதிரிபாகம் கிடைக்கும், தொழிலாளர்களுக்கு வாழ்வூதியத்தை ஒட்டிய கூடுதல் தொகை தருகிறார்கள். எல்லாம் நல்ல விஷயங்களே. ஃபேர்போன் 5 2023இல் வந்தபோது அதன் விலை 699 யூரோவாக இருந்தது, நம் காசுக்கு 60 ஆயிரத்துக்கு மேல். அதுவும் சீனாவில்தான் கோக்கப்படுகிறது. நூறு சதவீதம் நியாயமான போன் சாத்தியமில்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதை வைத்திருந்தால் கை சுத்தமாகிவிடும் என்று நம்புவது நம் ஆட்கள்தான்.

சுத்தமான பொருள், சுத்தமான கை, தீட்டுப்படாத நுகர்வு. எங்கேயோ கேட்ட மொழியாக இல்லையா? உலகம் எப்படிப் போனாலும் என் தட்டில் தீட்டு இருக்கக் கூடாது என்கிற அதே மனம், இப்போது காங்கோவின் பெயரைச் சொல்கிறது. காந்தியத்தை விமர்சித்து எழுதும்போது அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பிரித்தார்: குற்றம் எந்திரத்தினுடையது அல்ல, அதன் பயனைச் சிலர் மட்டும் அனுபவிக்கும்படி அமைந்த சமூகத்தினுடையது. கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று 'இனிவரும் உலக'த்தில் எதிர்பார்த்த பெரியார், ஈரோட்டுக்காரர். எந்திரத்தைக் கண்டு ஒதுங்குவது எங்கள் மரபு அல்ல.

என் சித்தி மகள் ஒரு செல்போன் ஆலையில் வேலை செய்கிறாள். ஆலையின் பெயர் வேண்டாம், அவளுக்கு வேலை வேண்டும். நாள் முழுக்க நின்றபடி ஒரே வேலை, ஸ்க்ரூ பூட்டுவது. அவளுடைய போனை ஷிஃப்ட் தொடங்கும்போது லாக்கரில் வைத்துவிட வேண்டும். நண்பர் கேட்டதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "யாருமே வாங்கலேன்னா எங்களை வீட்டுக்கு அனுப்பிருவாங்கணா. ஹாஸ்டல்ல தண்ணி ஒழுங்கா வரணும், சம்பளம் ஏறணும். அதைக் கேக்கச் சொல்லுணா உன் ஃப்ரெண்டை."

அவள் சொன்னதில் விளையாட்டு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் செய்திகள் வாட்ஸ்அப்பில் பறந்தன. பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. எந்த நுகர்வோரின் மனசாட்சியும் செய்யாததைச் சாலை மறியல் செய்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் (அங்கே செய்வது போன் அல்ல, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும்). சங்கத்தைப் பதிவு செய்யவே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அந்த 37 நாளும் எங்கள் ஆய்வாளர் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் பேசப்பட்டது உதவித்தொகை நிலுவை பற்றித்தான். நானும்தான்.

நம் பகுதியில் தொழில்நுட்பத்தின் அறம் பற்றிப் பேச வேண்டுமென்றால், அதைத் திருச்செங்கோட்டிலிருந்து தொடங்கலாம். 2015 ஜூன் 23 அன்று அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தலைமறைவாக இருந்த யுவராஜ் வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளாக விட்டுக்கொண்டிருந்தார். டீக்கடைகளில் அவற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கைத் தாங்கியதில் கோயில் சிசிடிவி பதிவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022இல் ஆயுள் தண்டனை, 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கேமராவும் போனும் இரண்டு பக்கமும் வேலை செய்தன. அந்த ஒலிப்பதிவை ஃபார்வர்டு செய்த போன்களை யாரும் அறமற்ற போன் என்று சொல்லவில்லை.

இதைவிட நெருக்கமாக ஒன்று சொல்ல வேண்டும். இதே தங்கை பிளஸ் டூ படித்தபோது அவள் போனை வாங்கி, யாரோடு பேசுகிறாள் என்று பார்த்தவன் நான். 'பாதுகாப்புக்காக' என்று சொல்லிக்கொண்டேன். இங்கே ஒவ்வொரு சாதி வீட்டிலும் அண்ணன்கள் செய்வது அதுதான், அதே சொல்லோடு. அவள் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் வாங்கிய போனின் பாஸ்வேர்டு இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். என்னிடம் இருக்கும் தொழில்நுட்ப அறம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

மற்றபடி, போனை உடையும்வரை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான், அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. போன வாரம் பேட்டரி போய்விட்டது. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். பையன் திரையைக் கழற்றி வைத்திருந்தபோது ஒரு படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பதில் வந்தது:

"எங்க கம்பெனி போன்ல ஸ்க்ரூ இதைவிடச் சின்னதுணா."