விமானத்தில் சேவை நாய்: யாரோ சொன்ன பொய்க்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

விமான நிலைய வரிசையில் ஒருவர் நாயுடன் நின்றால், நம்மவர்களில் பலர் இரண்டடி தள்ளி நிற்கிறோம். அவர் பார்வையற்றவர் என்றால் பேசாமல் இருக்கிறோம். பார்வைக்கு நல்ல சுகத்தோடு இருப்பவர் என்றால், "இதெல்லாம் சும்மா ஏமாத்து" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மாற்றுத்திறனாளிகளிடம் விமான நிறுவனங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்கா 1986இல் சட்டம் இயற்றியது. அதன் கீழ் வந்த விதிகள், மன ஆறுதலுக்காக வளர்க்கும் பிராணிகளையும் கட்டணமின்றி விமானத்துக்குள் ஏற்றிச்செல்ல இடமளித்தன. ஒரு மருத்துவக் கடிதம் இருந்தால் போதும் என்ற நிலையில், வீட்டு நாய்க்குக் கட்டணம் கட்ட விரும்பாதவர்களும் அந்தக் கடிதத்தைத் தேடிப் போனார்கள். 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண் மயிலுடன் வந்தார். நிறுவனம் ஏற்ற மறுத்தது, உலகமே சிரித்தது.

பிறகு விதி இறுகியது. 2021 ஜனவரி 11 முதல் அமெரிக்க விதிப்படி, சேவைப் பிராணி என்றால் நாய் மட்டுமே. அதுவும் உரியவரின் குறைபாட்டுக்கு உதவும் ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்றப்பட்டிருக்க வேண்டும். நாயின் ஆரோக்கியம், நடத்தை, பயிற்சி பற்றிய படிவத்தை நிறுவனம் கேட்கலாம். பயணம் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால், நாய் விமானத்துக்குள் அசுத்தம் செய்யாது என்ற உறுதிமொழியையும் கேட்கலாம். நாய் உரியவரின் காலடிக்குள் அடங்கிக் கிடக்க வேண்டும்.

பொய் சொன்னவர்கள் இன்று நாயை வீட்டில் விட்டுவிட்டோ, கட்டணம் கட்டியோ பறக்கிறார்கள். படிவம் நிரப்பித் தன் நாயின் தகுதியை உறுதிப்படுத்த வேண்டியிருப்பது உண்மையாகவே நாய் தேவைப்படுபவர்தான்.

கனடாவில் நிலை சற்று வேறு. 2020 ஜூன் 25 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, சேவை நாய்ப் பயிற்சியில் தேர்ந்த நிறுவனமோ ஆளோ அந்த நாயைப் பயிற்றியிருக்க வேண்டும். அமெரிக்க விதியோ, உரியவரே பயிற்றிய நாயையும் ஏற்கிறது. ஆகவே அங்கே செல்லுபடியாகும் நாய் இங்கே மறுக்கப்படலாம். கனடாவுக்குள் பறக்கும்போது நாய்க்காக அடுத்த இருக்கை தேவைப்பட்டால், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு விதி அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை.

ஊருக்குப் போக நினைப்பவருக்குச் சிக்கல் இன்னும் பெரிது. இந்தியாவையும் இலங்கையையும், விசர்நாய்க்கடி நோய் அபாயம் கூடிய நாடுகளாக அமெரிக்கா பட்டியலிட்டுள்ளது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அங்கே புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. கனடாவில் தடுப்பூசி போட்ட நாய் சென்னைக்கோ கொழும்புக்கோ போய் ஆறு மாதத்துக்குள் அமெரிக்கா வழியாகத் திரும்பினால், தடுப்பூசிச் சான்றும் மைக்ரோசிப்பும் வேண்டும். அனுமதி பெற்ற பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவும் வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாவிட்டால் 28 நாள் தனிமைப்படுத்தல். சேவை நாய்க்கும் இதில் விலக்கில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியவர் இத்தனையையும் எப்போது தேடுவது? நாயை விட்டுப் போவதா, போகாமலே இருப்பதா என்ற கேள்விதான் அவருக்கு மிஞ்சுகிறது.

நோயைத் தடுக்கும் விதிகள் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு மாறும் இந்த நடைமுறைகளை ஒரே இடத்தில் விளக்கி, முன்கூட்டியே சரிபார்த்துக் கொடுக்கும் கடமை பயணச்சீட்டு விற்பவர்களுக்கும் உண்டு. நம்மவர்கள் நடத்தும் பயண முகவர் நிலையங்கள் இதைத் தொடங்கினாலே பெரிய உதவி.

நமக்கும் ஒரு கடமை உண்டு. தெருநாய்க்குப் பயந்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சேவை நாயை இறக்கிவிட அமெரிக்க விதி இடம் தரவில்லை. பயமாக இருந்தால் நமது இருக்கையை மாற்றித் தரும்படி பணிப்பெண்ணிடம் அமைதியாகக் கேட்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது.

எல்லாக் குறைபாடும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரத்தத்தில் சீனி இறங்குவதை மணத்தால் அறிந்து எச்சரிக்கும் நாய்கள் இருக்கின்றன. வலிப்பு வந்தவருக்குத் துணை நிற்பவையும், போரின் நினைவில் திடுக்கிட்டு நடுங்குபவரைத் தொட்டு நிதானத்துக்குக் கொண்டுவருபவையும் இருக்கின்றன. செல் விழுந்த சத்தம் இன்னும் காதில் கேட்கும் மனிதர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். நாளை நாயுடன் அந்த வரிசையில் நிற்பவர் நம்மவராகவும் இருக்கலாம்.