தட்டு மறையும் ஆழம்



என் கைப்பேசியில் எங்கள் ஊர் ஏரியின் படங்கள் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. ஒன்றில் தண்ணீர் பச்சை, ஒன்றில் நீலம், ஒன்றில் டீ நிறம். ஏரிதான் மாறியதா, கேமரா தன் இஷ்டத்துக்குச் சாயம் ஏற்றியதா? சொல்லத் தெரியவில்லை. பார்க்க அழகு, சாட்சிக்கு உதவாது.

சாட்சிக்கு உதவும் அளவு ஒன்று முன்பே உண்டு. 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞரும்கூட, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கினார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. பின்னால் ஃபொரெல், ஊலே இருவரின் பெயரால் 21 நிறங்கள் கொண்ட வரிசையும் வந்தது: நீலத்தில் தொடங்கிப் பழுப்பில் முடியும்.

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இந்த இரண்டையும் ஆய்வாளர்கள் பொதுமக்கள் கையில் கொடுத்தார்கள். முப்பரிமாண அச்சில் வார்த்த சின்னத் தட்டு, கூடவே நிறப்பட்டை. கண்டதை மக்கள் ‘டர்ப்அக்வா’ செயலியில் பதிந்தார்கள். மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் காயலின் நிறம் தெரியாது. படகில் இருப்பவருக்குத் தெரியும்.

கேமராவின் சாயத்துக்கும் வைத்தியம் உண்டு. ‘ஹைட்ரோகலர்’ செயலி மூன்று படம் கேட்கும்: தண்ணீர், வானம், ஒரு சாம்பல் நிற அட்டை. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் அட்டை அது. அதை வைத்துச் செயலி அன்றைய வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகிறது.

எனக்கு ஒரு குறை. மீன் செத்து மிதந்தால், நுரை பொங்கினால்தான் நாம் கைப்பேசியை எடுக்கிறோம். ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமையின் தண்ணீரை யாரும் குறிப்பதில்லை. அது இல்லாமல் எது கெட்டது என்று எதோடு ஒப்பிடுவது? அதே படித்துறை, ஏறக்குறைய அதே நேரம், மாதம் இருமுறை போதும். (தட்டு ஆழத்தில் தெரிகிறதே என்று அள்ளிக் குடித்துவிடாதீர்கள். கிருமி தட்டுக்குத் தெரியாது.)

பழைய எவர்சில்வர் தட்டில் வெள்ளையும் கறுப்புமாகப் பெயிண்ட் அடித்து, போன ஞாயிறு எங்கள் ஏரியில் இறக்கினேன். அடியில் கல் கட்ட மறந்ததால் சாய்ந்து மிதந்தது. கட்டியபின் ஒன்றரை முழத்தில் மறைந்தது. என் முழமும் உங்கள் முழமும் ஒன்றல்ல. அடுத்த முறை கயிற்றில் சென்டிமீட்டர் குறித்துக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்