வேகத்திற்கும் ஓர் இடம் உண்டு



மோட்டார்ப் பந்தயம் என்றால் அது மேலைநாட்டுச் செல்வந்தரின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அது நம் கொங்கு நாட்டின் வீட்டுச் செய்தி. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களை வடிவமைத்தவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவருடைய பெயரைத்தான் செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தாங்கி நிற்கின்றது. கோவை வீரர் நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

இவற்றைக் கேட்டு நம் வாலிபரின் உள்ளம் துள்ளுவது இயல்பே. அதை நாம் குறை கூறோம். ஆனால் பந்தயக் களம் எவ்வாறு அமைக்கப்படுகின்றது என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். அங்கே எல்லா வண்டிகளும் ஒரே திசையில் ஓடும். எதிரே பேருந்து வராது; குறுக்கே ஆடு மாடு வராது. தடம் புரளும் வண்டி வேகம் தணிந்து நிற்பதற்கு வளைவுகளின் ஓரத்தில் வெற்றிடம் விடப்பட்டிருக்கும். அபாயத்தைக் கொடியசைத்து அறிவிப்போரும், ஆம்புலன்சும் ஆயத்தமாக நிற்பர். தலைக்கவசமும், தீயைத் தாங்கும் உடையும் இன்றி எவரும் பந்தயக் காரில் ஏறுவதில்லை.

நம் பெருந்துறைச் சாலையில் இவற்றுள் எது உண்டு? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். 120-இல் 33 மீட்டர். கண் கண்டதைக் கால் உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள் இத்தனை தூரம் கடந்துவிடும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகின்றது. 60-இல் 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 120-இல் 80 மீட்டர் ஓடியே நிற்கும். அந்த 80 மீட்டருக்குள் பள்ளிவிட்டு வரும் ஒரு குழந்தை சாலையைக் கடக்கக்கூடும் அன்றோ?

2005-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் களத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் டயர்கள் அக்களத்தின் சரிவான வளைவைத் தாங்கா என்பது பயிற்சியின்போதே தெரியவந்தது. ஆகவே அவற்றைப் பூட்டியிருந்த 14 கார்களும், ஆயிரக்கணக்கான மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, பந்தயம் தொடங்குமுன் ஒன்றன்பின் ஒன்றாகக் களத்தை விட்டு விலகின. எஞ்சிய ஆறு கார்களே ஓடின. நம் கார்த்திகேயன் நான்காவதாக வந்தது அன்றுதான். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கே விலகி நிற்பது இழிவாகத் தோன்றவில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் இழிவாக வேண்டும்?

பெற்றோரே, பிளஸ் டூ தேறுமுன்னரே மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. 18 வயது நிறையாத பிள்ளை ஓட்டி விபத்து நேர்ந்தால், பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளிக்கின்றது. ஆயினும் பிள்ளையை இழந்த வீட்டிற்கு வேறு தண்டனையும் வேண்டுமோ?

வேகத்தில் மெய்யான ஆர்வமுள்ள மகன் இருப்பின், அவனை அதட்டி அடக்க வேண்டாம். உரிய வயதில், முறையான பயிற்சியோடு களத்திற்கு அனுப்புங்கள். சாலைக்கான சாவியைக் கொடுக்குமுன், தலைக்கவசத்தை முதலில் அவன் கையில் கொடுங்கள். இம்மாதம் நம் குடும்பங்களில் இதுபற்றி அமர்ந்து பேசுவோமாக.