மண்ணில் விட்ட கிருமி

மரபணு மாற்றிய கிருமியென்றாலே அஞ்சுவோர் பலர். இயற்கைக் கிருமியென்றால் ஐயமின்றி ஏற்போரும் பெரும்பாலும் அவரே. இவ்வச்சமும் இந்நம்பிக்கையும் இடமறியாது நிற்கின்றன என்பது எமது அபிப்பிராயம். ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாக நேயர்கள் முன் வைக்கின்றோம்.

பீச், வாதுமை, ரோஜா முதலியவற்றின் வேர்க்கழுத்தில் கழலைகள் எழுவதுண்டு. அக்ரோபாக்டீரியம் என்னும் மண்கிருமி காயத்தின் வழியே புகுந்து, தன் மரபணுக்களிற் சிலவற்றைச் செடிக்குள்ளேயே செலுத்திவிடுகின்றது; செடியும் ஏமாந்து அக்கிருமிக்கு உணவு சமைக்கின்றது. (மரபணு மாற்றத்தை மனிதன் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே இக்கிருமி கற்றிருந்தது!) 1970-களின் தொடக்கத்தில் அடிலெய்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலன் கெர் என்பார், அதே குலத்திற் பிறந்த, தீங்கற்ற கே84 என்னும் கிருமியைக் கொண்டு இந்நோயைத் தடுத்தார். அது அக்ரோசின் 84 என்ற நஞ்சைச் செய்து பகைக்கிருமிகளுட் பலவற்றைக் கொல்லும். நாற்றின் வேரை அக்கிருமி கலந்த நீரில் தோய்த்து நட்டாற் போதும்.

குறை எங்கே ஒளிந்திருந்ததெனின், நஞ்சைச் செய்யும் ஆற்றலும் அந்நஞ்சினின்று தன்னைக் காக்கும் ஆற்றலும் பிளாஸ்மிட் என்னும் ஒரே சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமைந்திருந்தன. அவ்வளையமோ கிருமிக்குக் கிருமி கைமாறக் கூடியது. பகைவன் அதனைப் பெற்றுக்கொண்டால், நாம் விடுத்த படையே அவனுக்குக் கவசம் ஈந்ததாகும். கிரேக்க நாட்டில் இதற்கான சான்றுகளை ஆய்வாளர் 1979-ஆம் ஆண்டில் அறிவித்தனர். கே84 எவரும் மாற்றியமைத்த கிருமியன்று என்பதை மறத்தலாகாது.

பின்னர், கைமாற்றத்துக்கு உதவும் பகுதியை வளையத்தினின்று நீக்கிக் கே1026 என்னும் கிருமியை ஆக்கினர். அது 1989-இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. இங்கே மரபணு மாற்றம் ஆபத்தை விளைவிக்கவில்லை, ஆபத்துக்குத் தாழிட்டது.

இதனால், மாற்றிய கிருமி யாவும் நன்றென்று கூறினோமல்லோம். பூசணங்களை அழிக்கும் பொருளைச் செய்யுமாறு மாற்றிய சூடோமோனாஸ் கிருமியை ஹாலந்தில் கோதுமை வயலில் விட்டபோது, வேரைச் சூழ்ந்த பூசணக் கூட்டம் சிறிது காலம் மாறுதலுற்றதென 2001-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். சிறிது காலந்தானே என்பர் சிலர். தோண்டிப் பார்த்தவர் இருந்தமையாலன்றோ அது சிறிது காலமென்பது தெரிந்தது!

தெளித்த மருந்து பெரும்பாலும் நாளடைவிற் குறையும். விடுத்த கிருமியோ பெருகவும் கூடும். ஆதலின் அனுமதி வேண்டி வருவோரிடம் சர்க்கார் முதற்கண் வினவத்தக்கது, இது மாற்றப்பட்டதா என்பதன்று. இதன் மரபணு யாரிடம் போய்ச் சேரும், மண்ணில் எத்தனை போகம் நிலைக்கும், அதனை அளந்தவர் யார் என்பனவே. இயற்கைக் கிருமியைப் பொட்டலம் கட்டி விற்போரும் இவ்வினாக்களுக்கு விடை கூறியே தீரவேண்டும்.