பார்மட் செய்யும் முன் நாலு கட்டளை

கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் நம் ஊரில் ஒரே மருந்துதான் சொல்கிறார்கள்: "பார்மட் பண்ணிடலாம்." ஸ்லோவாக இருக்கிறதா, பார்மட். இன்டர்நெட் வரவில்லையா, அதற்கும் பார்மட். பேக்கப் எடுக்காத கல்யாண போட்டோக்களும் பிள்ளைகளின் புராஜெக்ட் பைல்களும் அதோடு போய்விடும். உங்களிடம் இருப்பது லினக்ஸ் என்றால், இந்த மருந்துக்கு முன் நாலு கட்டளைகளை டைப் செய்து பாருங்கள் என்பேன்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் லினக்ஸ் என்றதும் தயங்கும் கடைக்காரர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே டைப் செய்யுங்கள்.

முதல் கட்டளை டி, எப் என்ற இரண்டு எழுத்துகள். பிறகு ஓர் இடைவெளி, ஹைபன், ஹெச். என்டர் தட்டினால் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சதவீதத்தில் காட்டும். வரியின் கடைசியில் சாய்கோடு மட்டும் இருக்கிறதே, அதைப் பாருங்கள். அது 100ஐத் தொட்டால் கம்ப்யூட்டர் திணறும்.

இரண்டாவது 'ஃப்ரீ'. இதற்கும் அதே ஹைபன் ஹெச் சேர்க்கவும். இது மெமரி கணக்கு. 'ஃப்ரீ' என்ற பத்தியில் எண் சிறியதாக இருந்தால் பயப்பட வேண்டாம். சும்மா இருக்கும் மெமரியை லினக்ஸ் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும். 'அவைலபிள்' என்ற பத்திதான் உண்மை நிலவரம்.

மூன்றாவது 'பிங்'. இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வரிகள் வந்தும் வெப்சைட் திறக்கவில்லை என்றால், லைன் நன்றாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நிறுத்த கன்ட்ரோல், சி.

நான்காவது 'மேன்'. இதன் பின் எந்தக் கட்டளையின் பெயரைக் கொடுத்தாலும் அதன் விளக்கம் வரும். படித்து முடித்ததும் க்யூ அழுத்தி வெளியே வரலாம். யாரோ சொன்ன கட்டளை 'சூடோ' என்று தொடங்கினால், முழு அதிகாரத்தோடு இயங்கப்போகிறது என்று அர்த்தம். 'மேன்' பார்க்காமல் என்டர் தட்டாதீர்கள். முன்னர் சொன்ன மூன்றும் தகவல் மட்டுமே காட்டும், எதையும் அழிக்காது.

"மெனுவும் ஐகானும் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்கலாம். மெனு மின்ட்டில் ஒரு மாதிரி, உபுண்டுவில் வேறு மாதிரி. டி, எப் கட்டளையோ 1971ல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே இருந்தது. 'பிங்' 1983ல் எழுதப்பட்டது. ஒருமுறை கற்றால் வீணாகாது.

இன்னொரு லாபம், போனிலேயே உதவி கிடைக்கும். திண்டிவனத்தில் இருக்கும் என் சித்தப்பா, "புது ஹார்ட் டிஸ்க் போடணுமாம்ப்பா" என்றார். முதல் கட்டளையை டைப் செய்து வாசிக்கச் சொன்னேன். "நூறுன்னு காட்டுது" என்றார். மின்ட்டில் உள்ள டைம்ஷிப்ட் எடுத்து வைத்த பழைய பதிவுகள்தான் இடத்தை அடைத்திருந்தன. தேவையற்றதை அழித்ததும் சரியானது. செலவில்லை, ஒரு பைலும் போகவில்லை.

தமிழக அரசு 2011ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. ஆனால் அதைத் திறந்தே பார்க்காத மாணவர்கள் பலரை நான் அறிவேன். சாப்ட்வேரைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, நாலு கட்டளையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். விழுப்புரத்தில் அந்த வேலையை வி.ஜி.எல்.யூ.ஜி. என்ற குனு லினக்ஸ் பயனர் குழு இலவசமாகச் செய்து வருகிறது. 2012ல் தொடங்கிய 'கணியம்' தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் தருகிறது.

கடைக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிஸ்க்கே பழுதானால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் போகும்போது, கோளாறு எங்கே என்று காட்டும் வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்போது "பார்மட் பண்ணிடலாம்" என்பவரிடம் "ஏன்?" என்று கேட்க உங்களால் முடியும்.