முதுமையின் கூரைக்கு யார் பொறுப்பு?

ஓய்வு பெறும் வயதை நெருங்கும் உழைப்பாளியின் வீட்டில் தவறாமல் ஒரு கணக்கு போடப்படுகிறது. வரவிருக்கும் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் சேர்த்து, போதாததற்குக் கடனும் வாங்கி, சொந்த வீடு ஒன்றில் குடியேறுவதா? அல்லது அத்தொகையை வங்கியில் இட்டு, வட்டியிலிருந்து வாடகை செலுத்தி எஞ்சிய காலத்தைக் கழிப்பதா? நாளேடுகளின் நிதி ஆலோசனைப் பக்கங்கள் இக்கேள்வியைத் தனிமனிதரின் சாமர்த்தியம் சார்ந்ததாகவே முன்வைக்கின்றன. சரியாகக் கணக்குப் போட்டவர் தப்பித்தார், தவறாகப் போட்டவர் மாட்டிக்கொண்டார் என்பதே அவற்றின் முடிவு. ஆனால், எந்தப் பக்கம் திரும்பினாலும் பற்றாக்குறையே விடையாக வரும் கணக்கில் பிழை கணக்குப் போடுபவரிடம் இல்லை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது பழமொழி. அதில் ஒலிப்பது பேராசை அன்று. விரட்டப்பட்டுவிடுவோமோ என்ற அச்சம். வீட்டுமனை வணிகர்களும் கடன் நிறுவனங்களும் அந்த அச்சத்தையே மூலதனமாக்குகின்றனர். ஆகவே சொந்த வீட்டு ஆசையை எள்ளி நகையாடுவது நமது வேலையன்று. அந்த அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்வதே நமது கடமை.

வாடகையின் அச்சம்

முதலில் வாடகைதாரரின் நிலையைக் காண்போம். தனியார் துறைத் தொழிலாளியின் முதுமைக்கு அரசு வகுத்துள்ள ஏற்பாடு 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம். 2014 செப்டம்பரில் இதன் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பதே சூத்திரம். அதன்படி 35 ஆண்டுக் காலத்துக்கு உச்சவரம்பில் கிடைப்பது மாதம் 7,500 ரூபாய். 2014க்கு முந்தைய பணிக்காலம் 6,500 ரூபாய் என்ற பழைய உச்சவரம்பில் கணக்கிடப்படுவதால், இன்று ஓய்வு பெறுவோரில் பலருக்கு அதுவும் எட்டாக்கனி. இந்த ஓய்வூதியத்துக்குப் பஞ்சப்படி கிடையாது.

வாடகை அப்படி நிற்பதில்லை. 60 வயதில் ஒருவர் 8,000 ரூபாய் வாடகை கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தாலே அவரது 75ஆம் வயதில் அது 16,600 ரூபாயைத் தாண்டிவிடும். ஓய்வூதியமோ அதே 7,500 ரூபாய். வாடகைதான் உணவையும் மருந்தையும் முந்திக்கொண்டு கழியும் செலவு. அமைப்புசாராத் தொழிலாளிக்கு இந்த 7,500 ரூபாயும் இல்லை. 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசு வழங்கும் ஓய்வூதியப் பங்கு இன்றும் மாதம் 200 ரூபாய்தான்.

பணம் ஒருபுறம் இருக்க, வீடு கிடைப்பதே கேள்விக்குறி. சம்பளச் சீட்டு இல்லாத முதியவருக்கு வீடு தர உரிமையாளர்கள் தயங்குகின்றனர். தனித்து வாழும் விதவைக்கு நோய் வந்தால், இறப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்கின்றனர். தலித்துகளும் இசுலாமியர்களும் எந்த வயதிலும் சந்திக்கும் மறுப்பு, முதுமையில் இரட்டிப்பாகிறது. பெங்களூரு போன்ற நகரங்களில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் வேறு.

2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு இரண்டு மாத வாடகை என்று வரம்பு விதித்தது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் வாடகைக்கு வரம்பு விதிக்கவில்லை. அதனை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரு மாதங்களுக்கு இரண்டு மடங்கும், அதன் பின்னர் நான்கு மடங்கும் வாடகை தரவேண்டும் என்கிறது. சமமற்ற இருவருக்கிடையே ‘சுதந்திரமான ஒப்பந்தம்’ என்பதன் பொருளைத் தொழிலாளி வர்க்கம் ஆலை வாயிலிலேயே கற்றறிந்திருக்கிறது.

கடனின் சுமை

அப்படியானால் சொந்த வீடு வாங்கிவிடலாமே? 45 வயதுத் தொழிலாளி ஒருவர் 20 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுக் கடனாகப் பெறுகிறார் எனில், மாதத் தவணை ஏறத்தாழ 20,300 ரூபாய். 60 வயது நிறையும்போது அவர் செலுத்தி முடித்திருப்பது 36.5 லட்சம் ரூபாய். பிள்ளைகளின் உயர்கல்வி, திருமணம், பெற்றோரின் மருத்துவம் ஆகியவை ஒருசேர வந்து நிற்கும் 15 ஆண்டுகளும் இவையே.

வட்டியும் நிலையானதன்று. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. 20 லட்சத்தை 7 விழுக்காட்டில் 20 ஆண்டுகளுக்கு வாங்கியவரின் தவணை சுமார் 15,500 ரூபாய். வட்டி 9.5 விழுக்காடானால் அந்த 20 லட்சத்துக்கு மாத வட்டியே 15,800 ரூபாயைத் தாண்டுகிறது. அதாவது, தவணை முழுவதையும் செலுத்தினாலும் வட்டிகூட அடையாது. தவணைத் தொகையை மாற்றாமல் கடன் காலத்தை நீட்டுவது கடன் நிறுவனங்களின் வழக்கமாக இருந்தது. இதுகுறித்துக் கடன்தாரருக்குத் தெரிவிக்கவும் தெரிவுகள் வழங்கவும் வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில்தான் உத்தரவிட்டது. பின்னர் விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் ஊதியம் நின்றுபோகும் வயதைக் கடன் காலம் தாண்டிச் சென்றால் அந்த ஆண்டுகளின் தவணையை எதிலிருந்து செலுத்துவது?

பெரும்பாலோர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து செலுத்துகின்றனர். முதுமையின் உணவுக்கும் மருந்துக்குமான சேமிப்பு செங்கல்லாக உறைந்துவிடுகிறது. கட்டுபடியாகும் விலைக்கு வீடு கிடைப்பதோ நகரின் விளிம்பில்; மருத்துவமனையும் பேருந்தும் தொலைவில். அடுக்குமாடி எனில் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. வீட்டை உண்ண முடியாது. மூத்த குடிமக்கள் தம் வீட்டை வங்கியிடம் ஈடுவைத்து மாதந்தோறும் தொகை பெறும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007-08 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டும் இன்றுவரை பரவலாகவில்லை. வாழ்நாள் உழைப்பின் ஒரே மிச்சத்தை மீண்டும் வங்கியின் கையில் ஒப்படைக்க எவர் முன்வருவார்?

வர்க்கப் பார்வை

1872இல் ஏங்கெல்ஸ் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’ கட்டுரைகள் இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகின்றன. ஒவ்வொரு தொழிலாளியையும் சிறு வீட்டுக்கு உரிமையாளராக்கினால் பிரச்சினை தீரும் என்ற புரூதோனியரின் வாதத்தை அவர் மறுத்தார். வீட்டுக் கடன் தொழிலாளியை ஓர் இடத்தில் கட்டிப்போட்டு, கூலி பேரத்தில் பலவீனப்படுத்தும் என்று சுட்டிக்காட்டினார். மாதத் தவணைக்கு அஞ்சி வேலைநிறுத்தத்தில் இணையத் தயங்கும் ஊழியரைக் கண்ட தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால், ஏங்கெல்ஸை மேற்கோள் காட்டி ‘சொந்த வீடு குட்டி முதலாளித்துவ ஆசை’ என்று ஒதுக்குவது அவரைத் தவறாகப் படிப்பதாகும். அவரது விமர்சனம் தொழிலாளியின் மீதன்று. சமூகத்தின் பிரச்சினையைத் தனிநபரின் தலையில் சுமத்தும் தீர்வின் மீதே.

அந்தத் தீர்வைத்தான் அடுத்தடுத்து வந்த ஒன்றிய அரசுகள் பின்பற்றின. நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்றும், அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் நலிந்த, குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கானது என்றும் 2012இல் அரசின் தொழில்நுட்பக் குழுவே மதிப்பிட்டது. அதே காலத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகரங்களில் 1.1 கோடி வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் மிகப் பெரும் பகுதி, சொந்த மனை உள்ளவர் வீடு கட்டிக்கொள்வதற்கான மானியமாகவே அமைந்தது. மனையற்றவருக்கு அதில் இடமில்லை. 2020இல் புலம்பெயர் தொழிலாளர்கள் கால்நடையாக ஊர் திரும்பிய அவலத்துக்குப் பிறகே வாடகைக் குடியிருப்புத் திட்டம் நினைவுக்கு வந்தது. அதிலும் வாடகைக்கு மாற்றப்பட்டவை சில ஆயிரம் வீடுகளே. பழைய வருமான வரி முறையில் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. வாடகைப்படி பெறாத வாடகைதாரருக்கோ அதிகபட்சம் 60,000 ரூபாய். அரசு யார் பக்கம் என்பதை இவ்விரு எண்களே சொல்லும்.

போராட்டம் தந்த பாடங்கள்

இருப்பினும், மாற்று இல்லாமல் இல்லை. மும்பையில் 1920களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் உரிமையாளர்கள் அல்லர். 160 சதுர அடி அறையின் வாடகைதாரர்கள். ஆயினும் சட்டப் பாதுகாப்பும் ஒற்றுமையும் இருந்ததால், மறுசீரமைப்பின்போது அதே இடத்தில் 500 சதுர அடி வீடு பெறும் உரிமையை அவர்கள் நிலைநாட்டினர். அதே நகரில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் வேலையிழந்த பஞ்சாலைத் தொழிலாளர்களின் கதை வேறு. ஆலை நிலங்களில் வானுயர் கட்டடங்கள் எழுந்தன. வீடு கோரி விண்ணப்பித்தோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெற்றவர்கள் சிறு பகுதியினரே. பலர் காத்திருந்தே மாண்டனர். தமிழ் உழைப்பாளிகள் பெருமளவில் வாழும் தாராவியில், மேல்தளங்களில் குடியிருப்போருக்குத் தாராவிக்கு வெளியேதான் வீடு, அதுவும் தவணைக் கொள்முதலில் என்கிறது மறுசீரமைப்புத் திட்டம். ஆகவே வேறுபாடு உடைமைக்கும் வாடகைக்கும் இடையில் இல்லை. பாதுகாப்புக்கும் பாதுகாப்பின்மைக்கும் இடையில்தான் இருக்கிறது.

சோலாப்பூரின் பீடித் தொழிலாளப் பெண்கள் மற்றொரு பாடம் தந்தனர். தோழர் நரசய்யா ஆடம் தலைமையில் சிஐடியு நடத்திய நெடும் போராட்டத்தால் கோதுதாய் பருலேகர் பெயரில் 10,000 வீடுகள் எழுந்தன. தொடர்ந்து அமைப்புசாராத் தொழிலாளருக்கு 30,000 வீடுகள் கொண்ட ரேநகர் திட்டம் வந்தது. அதில் 15,000 வீடுகள் 2024 ஜனவரியில் வழங்கப்பட்டன. தனித்தனியே வங்கி வாயிலில் நின்றிருந்தால் இவர்களில் எத்தனை பேருக்குக் கடன் கிடைத்திருக்கும்? கேரளத்தில் 1972இல் எம்.என்.கோவிந்தன் நாயர் அமைச்சராக இருந்தபோது தொடங்கிய லட்சம் வீடு திட்டமும், இடது ஜனநாயக முன்னணி அரசின் லைஃப் திட்டத்தில் எழுந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் அரசு நினைத்தால் என்ன இயலும் என்பதைக் காட்டின. வியன்னா நகரில் 1919 முதல் 1934 வரை சோசலிஸ்டுகளின் நகராட்சி கட்டிய 60,000க்கு மேற்பட்ட வீடுகள் இன்றும் அந்நகரின் பொதுக் குடியிருப்புக்கு அடித்தளம். அங்கே வாடகை வீட்டில் முதுமை எய்துவது அவமானமன்று, அச்சமுமன்று.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மத்தியத் தொழிற்சங்கங்கள் வலியுறுத்தும் 9,000 ரூபாய் குறைந்தபட்ச ஓய்வூதியம் பஞ்சப்படியுடன் வழங்கப்பட வேண்டும். முதியோருக்கான ஒன்றிய அரசின் 200 ரூபாய்ப் பங்கு பலமடங்கு உயர்த்தப்பட வேண்டும். அறுபது வயது கடந்த வாடகைதாரரை வெளியேற்றுவதற்கும் வாடகை உயர்வுக்கும் சட்ட வரம்பு வேண்டும். பொது நிலத்தை ஊகவணிகருக்கு விற்பதை நிறுத்தி, நகரின் உள்ளேயே அரசு வாடகைக் குடியிருப்புகளைக் கட்ட வேண்டும். கடன்தாரர் ஓய்வு பெற்ற பின்னும் கடன் நீளுமாறு காலத்தை நீட்டுவதைத் தடை செய்ய வேண்டும்.

இவை வெறும் தீர்மான வாசகங்களாக நின்றுவிடக் கூடாது. தோழர்கள் தத்தம் பகுதிகளில் முதிய வாடகைதாரர்களையும் ஓய்வூதியரையும் நேரில் சந்தித்து, அவர்களது ஒப்பந்தங்களையும் தவணைச் சீட்டுகளையும் கேட்டறிய வேண்டும். குடியிருப்புப் பிரச்சினை குடும்பப் பிரச்சினை அன்று, கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டிய பிரச்சினை. நாற்பது ஆண்டுகள் ஆலையையும் அலுவலகத்தையும் சாலையையும் சுமந்த மனிதர், தம் கடைசி இருபது ஆண்டுகளுக்கு ஒரு கூரையைச் சூதாட்டமாக ஆடிப் பெறவேண்டிய நிலையை ஏற்க முடியாது. அவர் தனியாகப் போட்டு வந்த கணக்கை நாம் கூட்டாகக் கையிலெடுப்போம்.